பால் வாங்கப் போன ஊர்வலம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையின் கையில் முதல் ஒரு வருடத்துக்கு எந்தச் சாவியையும் கொடுக்கக் கூடாது. வீட்டுச் சாவியைக்கூட மனைவிதான் வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடமாகக் காலையில் எழும்பி, யாரோ சொன்ன இடத்தில் நின்று, யாரோ சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்த மனிதனுக்குத் திடீரென்று ஒருநாள் தான் ஒரு பெரிய ஆள் என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது. அதனால்தான் சொல்கிறேன்.

கனடாவின் ஸ்காபரோவில் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (மேற்பார்வையாளன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் தைத்த இருக்கையில் நான் இருந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.) வீட்டில் சும்மா இருக்கத் தொடங்கியதும் வீடியோ பார்க்கும் வியாதி பிடித்தது. அதில் தலை நரைத்த வெள்ளைக்காரத் தம்பதிகள் ஆர்.வி எனப்படும் வண்டியில் ஊர் ஊராகத் திரிவார்கள். கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகிற வீடு அது. ஏரிக்கரையில் நிறுத்தி, மடக்குக் கதிரையைப் போட்டுக் கோப்பி குடிப்பார்கள். மனைவி கணவனைப் பார்த்துச் சிரிப்பாள். என் மனைவி பவானி என்னைப் பார்த்து அப்படிக் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று யோசித்தேன். எங்கள் கலியாண வீடியோவைப் போட்டும் பார்த்தேன். அதிலும் இல்லை.

அதே நேரத்தில் எங்கள் மகள் ஆரணி வேறொரு திட்டத்தோடு இருந்தாள். அவளும் மருமகனும் பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, பேஸ்மென்றையும் கட்டி முடித்திருந்தார்கள். நாங்கள் மோர்னிங்சைட் வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிட வேண்டுமாம். "அப்பா, செப்பரேற் என்ட்ரன்ஸ் இருக்கு. யூ வில் லவ் இற்" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வாள். பேத்தியோடு இருக்கலாம் என்பதால் பவானிக்குப் பாதி மனம். எனக்கு ஒரு துளி மனமும் இல்லை. என் வீட்டில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் திரிகிறவன் நான். நிலத்துக்குக் கீழே இருந்துகொண்டு, மருமகனின் நித்திரை குழம்பாமல் மெல்ல இருமிக்கொண்டு, மீதிக் காலத்தை எப்படிக் கழிப்பது? உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. அங்கே போனால் நான் ஆரணியின் அப்பா, அதற்கு மேல் யாருமில்லை.

ஆகவே குசினியில் வைத்து ஓர் ஒப்பந்தம் பேசினேன்.

"ஒரேயொரு கிழமை, ஏழே நாள். ஆர்.வி ஒண்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன ஊருகளுக்குப் போட்டு வருவம். ஒரு சிக்கலும் இல்லாமல் உம்மைத் திருப்பிக் கொண்டந்து சேர்த்தனெண்டா, வீட்டை விக்கிற கதையை விடவேணும். எங்கட பாட்டை நாங்கள் பாப்பம் எண்டு உமக்கும் விளங்கும், பிள்ளைக்கும் விளங்கும்."

பவானி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஏதும் கோதாரி நடந்தால்?"

"பேஸ்மென்ற்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

"அப்ப நான் இப்பவே சாமான் கட்டத் தொடங்கிறன்" என்றாள். ஆர்.விக்கா, பேஸ்மென்றுக்கா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியைத் தந்த பெண்மணி பொறுமையாக எல்லாம் விளங்கப்படுத்தினாள். தண்ணீர்க் குழாய் எங்கே, கழிவுத் தொட்டியைத் திறப்பது எப்படி, பின்னுக்கு எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும். கடைசியாக, "எல்லோரும் நீளத்தையே யோசிப்பார்கள். நீங்கள் உயரத்தை மறந்துவிடாதீர்கள்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அடிக்கலாம் போலிருக்கிறது.)

பூசை போடாமல் வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று பவானி நின்றுகொண்டாள். வாடகை வண்டிக்கு எந்த விசரன் பூசை போடுவான் என்று கேட்டேன். "விபத்து வாடகை வண்டியோ சொந்த வண்டியோ எண்டு பாத்தே வாறது?" என்றாள். வண்டியைக் கோயிலுக்கு விட்டேன். கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஐயர் வண்டியைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். பின்னால் இரட்டைச் சில்லு என்பதால் ஏறி நசிக்க எத்தனை தேசிக்காய் வைப்பது என்று அவருக்கே குழப்பம். "சோடிக்கு ஒண்டு காணும்" என்று முடிவெடுத்தார். முன்பக்கத்தில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம், அதற்கு மேல் பெரிய செவ்வந்தி மாலை. தமிழ்க் கடையில் வாங்கிய மாவிலைத் தோரணம் ஒன்றை பவானி கண்ணாடிக்கு மேலே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கட்டினாள்.

"உதை எப்ப கழட்டுறது?" என்று கேட்டேன்.

"வாடினாப் பிறகு கழட்டலாம்."

தோரணம் பிளாஸ்ரிக். அதை நான் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குச் சண்டை வேண்டாம் என்றுதான்.

பயணம் நன்றாகவே தொடங்கியது. நெடுஞ்சாலையில் எல்லோரும் என்னை முந்திக்கொண்டு போனார்கள். பாடசாலை பஸ்கூட முந்தியது. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் வண்டியைக் கரையில் நிறுத்தி, இறங்கிப் போய், அறிவிப்புப் பலகையில் உயரத்தை வாசித்துவிட்டு வருவேன். நாலைந்து பாலத்துக்கு பவானி பொறுத்தாள். பிறகு, "வழியில இருக்கிற முழுப் பாலத்தையும் இறங்கிக் கும்பிட்டுத்தான் போறதெண்டு ஏதும் நேத்திக்கடனோ?" என்று கேட்டாள். நான் கவனமான மனிதன் என்று பதில் சொன்னேன்.

சோளக் காணிகளும் மாட்டுப் பண்ணைகளும் தாண்டிப் போனோம். ஊர் என்று சொன்னால் ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு டோனட் கடை. மாலையில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பவானி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பக்கத்து ஆர்.விக்காரர் தன் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். மற்றபடி ஒரு சிக்கலும் இல்லை. ஒரு காலைப்பொழுது பவானி மடக்குக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி, "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அது பாரத ரத்னா. நான் அன்றே பழைய ஆர்.வி விற்பனை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் பால் முடிந்துவிட்டது. பால் தேத்தண்ணீர் இல்லாவிட்டால் பவானிக்குத் தலையிடி வரும்; பவானிக்குத் தலையிடி வந்தால் எனக்கும் வரும். பக்கத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. (பெயர் சொல்ல மாட்டேன். நல்ல சனம்.) ஒரு எட்டுப் போய் பால் வாங்கிவிட்டு வருவோம் என்று வண்டியோடு கிளம்பினோம்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் தடுப்புப் போட்டிருந்தது. மஞ்சள் மேற்சட்டை போட்ட பருத்த கிழவர் ஒருவர், கையில் வோக்கி-டோக்கியோடு, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

இந்த இடத்தில் எங்கள் தலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் யுத்தகாலத்துச் சோதனைச் சாவடிகளுக்குள்ளால் வளர்ந்து வந்தவர்கள் நாங்கள். தெருவில் நிற்கிற ஒருவன், உடம்பில் ஏதோ ஒரு அடையாளத்தைப் போட்டுக்கொண்டு, கையில் வானொலியை வைத்துக்கொண்டு கையைக் காட்டினால், எங்கள் மூளை வேலை செய்யாது. கை கால்தான் வேலை செய்யும். நான் வண்டியை நிறுத்தினேன். இயந்திரத்தை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். உள் லைற்றைப் போட்டேன். (பட்டப்பகல்.) லைசென்ஸை எடுத்து வெளியே நீட்டினேன். கனடாவுக்கு வந்து தலை நரைத்த பிறகும் இப்படித்தான்.

கிழவர் லைசென்ஸைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். திருநீற்றுக் குறியை, சந்தனப் பொட்டை, மாலையை, தோரணத்தை. அவருடைய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அருமை, அருமை! எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரொறன்ரோ, சேர்."

"எத்தனை பேர்?"

"நானும் மனைவியும், சேர். வேறு ஒருவரும் இல்லை. விரும்பினால் பின்னால் பார்க்கலாம்."

அவர் வோக்கி-டோக்கியில், "இந்த முறை ரொறன்ரோவிலிருந்தும் ஒரு வண்டி வந்திருக்கிறது!" என்று யாருக்கோ சொன்னார். தடுப்பை விலக்கி, முன்னால் நின்ற பச்சை டிராக்டருக்குப் பின்னால் போகச் சொன்னார். போனேன்.

"ஏனாம் உந்தப் பக்கம் விடுறார்?" என்றாள் பவானி.

"றோட்டு வேலையாக்கும்."

"கேட்டனீங்களோ?"

"போ எண்டு சொன்னாப் போறதுதானே. கேள்வி என்ன கேள்வி?"

டிராக்டர் நத்தை மாதிரி ஊர்ந்தது. இரண்டு பக்கமும் பக்கத் தெருக்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். பாற்கடை ஒன்றையும் காணவில்லை. பொறுமை இழந்து ஹோர்னை ஒருதரம் அழுத்தினேன். டிராக்டர்க்காரன் திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கி, தானும் அடித்தான். தெருக்கரையில் நின்ற சனம் ஹோ என்று கத்தியது.

"இஞ்சேருங்கோ, உந்தச் சனம் முழுக்க ஏன் றோட்டுக்கரையில கதிரை போட்டு இருக்குது?"

"கிராமத்துச் சனம். வேலை வெட்டி இல்லை. போற வாற வாகனத்தைப் பாக்குதுகளாக்கும்."

"எங்களைப் பாத்துக் கை காட்டுதுகள்."

"மரியாதை தெரிஞ்ச சனம். எங்கட ரொறன்ரோ மாதிரியே?"

"பின்னாலை ஒரு கூட்டம் மேளம் அடிச்சுக்கொண்டு வருது."

கண்ணாடியில் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்ட வாத்தியக் கோஷ்டி, வரிசை வரிசையாக, காலை உயர்த்தி உயர்த்தி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் குதிரைகள். அதற்கும் பின்னால் தீயணைப்பு வண்டி.

பவானி இரண்டு கையையும் தலையில் வைத்தாள். "என்ர கடவுளே! மனுசன் என்னை ஆரின்ரையோ ஊர்வலத்துக்குள்ள கொண்டந்து விட்டிட்டுது!"

அந்த ஊரின் இலையுதிர்காலச் சந்தை விழாவாம். வருடத்தில் ஒருநாள். நான் அதன் நட்ட நடுவில்.

"திருப்புங்கோ!"

"எங்கை திருப்புறது? தெரு முழுக்க அடைச்சுக் கிடக்கு!"

"அப்ப அவரிட்டைக் கேட்டிருக்கலாம் எல்லோ! வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே?"

அதற்குள் சிறுவர்கள் வண்டியின் பக்கம் ஓடிவந்தார்கள். டிராக்டர்க்காரன் இனிப்புகளை எறிந்துகொண்டு போனான். எங்களிடமும் எதிர்பார்த்துப் பையை விரித்துப் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவள் பவானி. எழும்பிப் போய், ஒரு கிழமைக்கென்று கொண்டுவந்த எள்ளுப்பாகையும் பகோடாவையும் அள்ளிக்கொண்டு வந்து யன்னலால் கொடுக்கத் தொடங்கினாள். பகோடாவைக் கடித்த ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளைக்கு உறைப்பில் முகம் தக்காளியாகிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓடிவந்து இன்னொன்று கேட்டாள்.

சனம் பவானியைப் பார்த்துக் கை காட்டியது. முதலில் அவள் தோளுக்குக் கீழே ஒரு விரலை ஆட்டினாள். பிறகு முழுக் கையையும் ஆட்டினாள். தேவாலயத்து மூலையைத் தாண்டும்போது யன்னலுக்கு வெளியே பாதி உடம்போடு, தேர்தலில் வென்ற மந்திரி மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

நான் தப்பி ஓட வழி தேடினேன். கண் முழுக்கப் பக்கத் தெருக்களில். மேலே பார்க்கவில்லை. இத்தனை பாலத்துக்கும் இறங்கி ஏறின கவனமான மனிதன், ஒருதரம் அண்ணாந்து பார்க்கவில்லை.

பட் என்று ஒரு சத்தம்.

"மேலை ஏதோ தட்டுது" என்றாள் பவானி.

"மரக்கொப்பாயிருக்கும்."

"உந்தத் தெருவில மரமே இல்லையப்பா!"

கடைக்குக் கடை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, தெரு முழுவதும் கயிற்றில் கொடிகள் கட்டியிருந்தார்கள். டிராக்டர் அதற்குக் கீழால் போனது. குதிரையும் போகும். ஆர்.வி போகாது. ஒரு கயிறு அறுந்து அடுத்த கயிற்றை இழுத்தது. அது அதற்கடுத்ததை இழுத்தது. பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக வேகத்தைக் கொஞ்சம் கூட்டியும்விட்டேன். கடைசியில் சந்தை விழாவுக்கு எல்லோரையும் வரவேற்கிற பென்னாம்பெரிய துணிப் பதாகை மேலேயிருந்து இறங்கி, என் முன்கண்ணாடியை முழுக்க மூடிக்கொண்டது. உள்ளே இருட்டு. பிரேக்கை மிதித்தேன். பின்னால் பெரிய மேளம் வண்டியில் மோதி டொம் என்றது. வாத்தியம் நின்றுவிட்டது.

வண்டியை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். லைசென்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மண்டைக்குள் ஒரேயொரு சொல்தான் ஓடியது: பேஸ்மென்ற். மேலே பேத்தி ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

இறங்கிப் பார்த்தபோது அழுகை வந்தது. செவ்வந்தி மாலை, மாவிலைத் தோரணம், அவற்றுக்கு மேல் அந்த ஊரின் அத்தனை கொடிகளும். யாரோ ஒரு கலியாணப் பந்தலைக் களவெடுத்துக்கொண்டு ஓடிவந்து பிடிபட்டது போல இருந்தது. ஊர்வலத்தில் அழகாகக் கை காட்டிக்கொண்டு வந்த தீயணைப்புக்காரர்கள் ஏணியோடு உண்மையான வேலைக்கு வந்தார்கள். மஞ்சள் சட்டைக் கிழவரும் மூச்சிரைக்க ஓடிவந்தார். மேடையிலிருந்து ஒலிவாங்கியோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். விழாத் தலைவியாம். நேரே என்னிடம் வந்து, ஊர் முழுக்கக் கேட்க, "ரொறன்ரோ நண்பர்களே, நீங்கள் எந்த அமைப்பின் சார்பில் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

நான் லைசென்ஸை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி, என் பெயரை ஒலிவாங்கியில் வாசிக்கத் தொடங்கினாள். சிவபாதசுந்தரம். "சிவா" வரைக்கும் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு பாதியில் நின்று, மூச்செடுத்து, கைவிட்டாள். கூட்டம் பரிதாபப்பட்டுக் கைதட்டியது. எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பவானி இறங்கி வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். என்னை ஒருதரம் பார்த்தாள். ஒலிவாங்கியை வாங்கினாள். முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்த ஆங்கிலத்தில், அமைதியாகச் சொன்னாள்:

"நாங்கள் பால் வாங்க வந்தோம். இவர் வழி கேட்கவில்லை."

தெருக்கரையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்துதான் சிரிப்புத் தொடங்கியது. மேளக்காரன் சிரித்தான். ஏணியில் நின்ற தீயணைப்புக்காரன் கீழே விழுந்துவிடுவான் போலச் சிரித்தான். குதிரைகள் மட்டும் சிரிக்கவில்லை. சனம் முழுக்கக் கதிரையை விட்டு எழும்பி, பவானியைப் பார்த்துக் கைதட்டியது. பச்சை டிராக்டர்க்காரன் ஒரு பால் பண்ணைக்காரனாம். யாரையோ அனுப்பி, பை பையாகப் பால் கொண்டுவந்து எங்கள் வாசலில் அடுக்கினான். கொடிகளைத் திரும்பக் கட்டித்தர நான் மறுநாள் வருகிறேன் என்று கெஞ்சினேன். "தயவுசெய்து வேண்டாம்" என்றார் மஞ்சள் சட்டைக்காரர்.

ஏரிக்கரைக்குத் திரும்பினோம். வண்டியை நிறுத்தி, கதிரையைப் போட்டு, அவளுக்கு நானே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பால் தாராளமாக விட்டேன்.

"சரி பவானி. நான் தோத்திட்டன். சொன்ன சொல்லு சொல்லுத்தான். வீட்டை விப்பம். ஆரணிக்கு நானே போன் பண்ணுறன்."

அவள் தேத்தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அழ வைத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

"எனக்கு எத்தினை வயசெண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்றாள். "பள்ளிக்கூடத்தில பரிசு எடுக்கேல்லை. கலியாணத்தில உங்கட அம்மாவைத்தான் எல்லாரும் பாத்தவை. வேலையில ரிற்றயர் ஆகேக்க ஒரு கேக் வெட்டினவை, அதிலயும் என்ர பேரைப் பிழையா எழுதிப்போட்டினம். என்ர சீவியத்தில இண்டைக்குத்தான் ஒரு ஊரே எழும்பி நிண்டு என்னைப் பாத்துக் கைதட்டினது. நான் ஏன் போய் நிலத்துக்குக் கீழ இருக்கோணும்?"

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் ஒருநாளும் கைதட்டவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இரண்டு கையையும் எடுத்து மெல்லத் தட்டினேன்.

"காணும், பக்கத்து வண்டிக்காரர் பாக்கிறார்" என்றாள். ஆனால் சிரித்தாள். அந்த வீடியோக்களில் வருகிற மாதிரியேதான்.

வீட்டை விற்கவில்லை. ஆரணியின் பேஸ்மென்றில் இப்போது மருமகனின் உடற்பயிற்சி இயந்திரம் தூங்குகிறது. பவானி அந்த விழாத் தலைவிக்குப் போன் எடுத்துப் பேசி, அடுத்த வருடமே எங்களை முறைப்படி பதிந்துவிட்டாள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் குடும்பமாகப் போகிறோம். பவானி பட்டுச்சேலையோடு முன் யன்னலில். பேத்தி பக்கத்தில் பகோடாப் பையோடு. வண்டியை ஓட்டுவது மருமகன். அந்த விஷயத்தில் ஊராரும் குடும்பத்தாரும் ஒரே கட்சி.

எனக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள். சுவாமி வீதிவலம் வரும்போது கரண்ட் வயரைத் தூக்கிப்பிடிக்க ஒருவர் கவைத் தடியோடு முன்னால் நடப்பாரே, அதேதான். வண்டிக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு கொடிக் கயிற்றையும் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். "தாத்தா, ஹையர்! ஹையர்!" என்று பேத்தி உள்ளேயிருந்து கத்துவாள். தெருச் சனம் சேர்ந்து கத்தும்.

கலியாண வீடுகளில் யாராவது, "அண்ணை ரிற்றயர் ஆகி என்ன செய்யிறார்?" என்று கேட்டால் நான் வாயைத் திறக்க முன்னமே பவானி சொல்லிவிடுவாள்:

"எங்கை ரிற்றயர் ஆனவர்? வருசத்தில ஒருநாள் இவருக்கு இப்பவும் வேலை இருக்கு. தடி பிடிக்கிற வேலை. மேற்பார்வை நான்."